ரங்கூனைச் சுற்றி வட்டம் போட்டால் உளுந்து எங்கே வரும்?

மோல்மேன்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் வேளாண் நிலப் பயன்பாடு, அதை அடுத்துப் பொருளாதார வளர்ச்சி மாதிரிகள். நகரத்தைச் சுற்றி எந்தப் பயிர் எங்கே வரும் என்று சொல்லும் வான் துனென் மாதிரியைப் பாடப்புத்தகப் படத்தோடு நிறுத்தாமல், ரங்கூனை நடுவில் வைத்து வரைந்து வரச் சொன்னேன். பிள்ளைகள் அழகாக வட்டம் போட்டு வந்தார்கள். ஆனால் உளுந்தை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. வயலிலும் வியாபாரத்திலும் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

பாடம் மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துனென் வடக்கு ஜெர்மனியில், மெக்லன்பர்க் பகுதியில், தெல்லோவ் என்ற பண்ணையை நடத்தியவர். சொந்தப் பண்ணையின் வரவு செலவுக் கணக்கை வைத்தே 1826-இல் தன் நூலை வெளியிட்டார். நடுவில் ஒரே ஒரு நகரம். சுற்றிலும் ஒரே தரமான சமவெளி. மாட்டு வண்டி தவிர வேறு போக்குவரத்து இல்லை. ஒரு ஏக்கரின் விளைச்சல் என்ன விலை போகிறதோ அதில் சாகுபடிச் செலவைக் கழி, நகரம் வரைக்குமான வண்டிக்கூலியைக் கழி. மிஞ்சுவதுதான் நிலத்தின் வாடகை. எந்தப் பயிரில் அதிகம் மிஞ்சுகிறதோ அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நகரத்தை ஒட்டிப் பாலும் காய்கறியும், அடுத்து விறகுக்காடு, அப்புறம் தானியம், கடைசியில் மேய்ச்சல்.

இப்போது உளுந்துக்கு வருவோம். பெகு பக்கம் ரங்கூனுக்கு அருகிலும் உளுந்து இருக்கிறது, ஐராவதி டெல்டாவில் உள்ளே போனாலும் இருக்கிறது. வட்டமாக அமையவே இல்லை. ஏன்?

பயறுக்கடை

டீச்சர், நான் பயின்னௌங் மொத்தச் சந்தையில் பயறு வியாபாரம் பார்க்கிறேன். உங்கள் படத்தில் நடுப்புள்ளியே இடம் மாறியிருக்கிறது. உளுந்துக்கு நகரம் ரங்கூன் இல்லை. சென்னை, தூத்துக்குடி, மும்பை. ரங்கூன் வெறும் துறைமுகம். இந்த நாட்டில் உளுந்து சாப்பிடுவோர் மிகக் குறைவு. காலையில் நாங்கள் விலைப் பலகையில் எழுதுவதற்கு முன் சென்னைக்குத்தான் போன் போடுகிறோம். எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம். எஸ்.க்யூ. பருமனான மணி, விலை கூட.

இது வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதியும் இல்லை. 1988-க்குப் பிறகு தனியார் ஏற்றுமதிக்கு வழி திறந்ததும்தான் பயறு இந்த அளவுக்குப் பெருகியது. அரிசி ஏற்றுமதியை அரசாங்கம் அதற்குப் பிறகும் கையில் வைத்திருந்தது, பயறை விட்டுவிட்டது. அதனால் காசு தேடிய ஆட்கள் பயறுக்கு வந்தார்கள்.

ஒரே ஊரை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஆகஸ்டில் பார்த்தோம். இந்தியாவில் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருந்தது. துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அங்கே அளவு வரம்பு போட்டார்கள். துவரைக்கும் பாசிப்பயறுக்கும் வேறு நாட்டில் கொஞ்சமாவது ஆள் உண்டு. உளுந்துக்கு இட்லி மாவு அரைக்கும் நாட்டை விட்டால் யார்? கிடங்கில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. 2021-இல் இரு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்தாண்டுக்குப் பேசிய பிறகுதான் சந்தையில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

புவியியல்_தம்பி

அப்படியென்றால் துனென் மாதிரி இந்த ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது என்று எழுதிவிடலாமா அண்ணே? தேர்வில் 'மாதிரியின் குறைகளை விவாதி' என்று கேட்பார்கள். ஆறு, கப்பல், வெளிநாட்டுச் சந்தை என்று மூன்று குறை சொன்னால் போதும் போலிருக்கிறது.

மோல்மேன்_டீச்சர்

தம்பி, அவசரப்படாதே. குறைகளை மனப்பாடம் செய்து எழுதுவது சுலபம். ஆறு இருந்தால் வட்டம் ஆற்றோரமாக நீளும் என்று துனெனே கணக்குப் போட்டுப் பார்த்தவர். டெல்டாவில் வண்டியை எடுத்துவிட்டுப் படகை வை. அவர் சொன்னது அப்படியே நிற்கும்.

பொருந்துகிற இடமும் நம் கண் முன்னால் இருக்கிறது. மீன் குளங்களைப் பார். துவாந்தே, மௌபின், நியாங்டொன், இந்தப் பக்கம் கயான் என்று ரங்கூனைச் சுற்றி ஒரு பிறை மாதிரி அமைந்திருக்கின்றன. மீன் சீக்கிரம் கெட்டுப்போகும், ஐஸ் வேண்டும், தீவன லாரி வர வேண்டும். அதனால் நகரத்தை விட்டு விலக முடியவில்லை. துனெனின் முதல் வளையம் பாலுக்கும் காய்கறிக்கும் என்றால், ரங்கூனின் முதல் வளையத்தில் ரோகு மீனுக்கும் இடம் உண்டு. லெகு, மோபி பக்கத்துக் கோழிப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் அதே கணக்குதான்.

ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனி. வயலைக் குளமாக்க அரசாங்க அனுமதி வேண்டும். நெல் நிலம் நெல் நிலமாகவே இருக்க வேண்டும் என்பது இங்கே நெடுநாள் சட்டம். அனுமதி வாங்கும் சக்தி உள்ளவன் குளம் வெட்டுகிறான், இல்லாதவன் பக்கத்து வயலில் நெல்லே நடுகிறான். ரங்கூனிலிருந்து இரண்டு வயலும் ஒரே தூரம். இந்த இடத்தில் துனென் பேசாமல் இருக்கிறார்.

டெல்டாக்காரன்

நான் பியாபோன் பக்கம். நாலு தலைமுறையாக இங்கே பயிர்தான். டீச்சர் கேட்டதற்கு என் வயலை வைத்தே பதில் சொல்கிறேன்.

மழைக்கால நெல்லை நவம்பர் வாக்கில் அறுப்போம். தாள் நிற்கும்போதே மண்ணில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் போவதற்குள் உளுந்தைத் தூவிவிட வேண்டும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை, பனியே போதும். உரம் குறைவு, ஆள் குறைவு. 80, 90 நாளில் காய் முற்றிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பிடுங்கிக் களத்தில் போட்டால் கையில் காசு. கையில் மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. அன்றைக்குத் தூவினால் முளைப்பு தப்பாது. இரண்டு வாரம் தள்ளிப்போனால் மண் வெடித்துவிடும். அந்த வருஷம் உளுந்து இல்லை.

கோடை நெல் போடலாமே என்று கேட்பார்கள். 1992-இல் அரசாங்கமே கோடை நெல்லை ஊர் ஊராகத் தள்ளியது. மேல் டெல்டாவில், ஹெந்தாடா, தனுப்யூ பக்கம், ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்; பம்பு வைத்து இறைக்கலாம். எங்களுக்குக் கீழே கடல் பக்கம் மாசி பங்குனியில் ஆறே உப்பாகிவிடும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் உப்புத் தண்ணீர் ஏறிய வயல்கள் பழைய நிலைக்கு வர எவ்வளவு பாடுபட்டோம் என்பது லபுத்தா, போகலே ஆட்களுக்குத் தெரியும். ஆக ஒன்று தண்ணீர்.

இன்னொன்று கடன். டீச்சர் சொன்ன கணக்கில் அது எங்கேயும் வரவில்லை. ஜூனில் நாற்றுக்கு, ஆள் கூலிக்கு, உரத்துக்குப் பணம் வாங்குகிறோம். விவசாய வங்கி நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் கொடுக்கும், அதுவும் 10 ஏக்கர் வரைதான். மீதிக்கு வெளியே போக வேண்டும். வெளியே மாதம் அஞ்சு வட்டி என்பது சாதாரணம். இல்லாவிட்டால் சபாப்பே: நடவின்போது பணம், அறுவடையில் நெல்லாகத் திருப்பு, விலையை அவனே அன்றைக்கே பேசிவிடுவான். அறுத்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் நெல் விலை விழுந்து கிடக்கும். நெல் போன கையோடு அடுத்த மழை வரை காசு வர வேறு வழி வேண்டும். அதுதான் உளுந்து. ரங்கூன் எவ்வளவு தூரம் என்று பார்த்து நான் பயிர் போடுவதில்லை. கடன் எந்த மாதம் கழுத்துக்கு வருகிறது என்று பார்த்துப் போடுகிறேன்.

பழைய_ரங்கூன்

தம்பி டெல்டாக்காரன் எழுதியதைப் படித்தேன். என் பாட்டனார் மொகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கியில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்து மேலாளாக உயர்ந்தவர். அவர் வழியாக நான் அறிந்ததையும், பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நகரத்தார், அதாவது செட்டியார்கள், முதலில் மோல்மேனுக்கும், 1852 போருக்குப் பிறகு ரங்கூனுக்கும் கடை வைத்தார்கள். அந்தக் காலத்தில் கீழ்ப் பர்மாவில் நெல் நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. மற்றதெல்லாம் கனாசோ மரக்காடும் கோரைப்புல்லும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பா அரிசி கேட்டது. 1930-களில் அதே டெல்டாவில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் நெல். ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவில் ஏற்றுமதி. உலகத்தில் வேறு எந்த நாடும் அவ்வளவு அரிசி வெளியே அனுப்பவில்லை. காட்டை வெட்ட, மாடு வாங்க, முதல் அறுவடை வரை சாப்பிட, யார் பணம் கொடுத்தார்கள்? 1929-30-இல் உட்கார்ந்த வங்கி விசாரணைக் குழு, செட்டியார் கடைகளின் மொத்த முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. சபாப்பேயை விட எங்கள் வட்டி குறைவு என்பதும் அந்தக் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை ஏறக்குறைய பாதிக்கு விழுந்தது. ஐரோப்பிய வங்கிகள் எங்களுக்குக் கொடுத்த கடனை இறுக்கின. அங்கிருந்து நெருக்க, நாங்கள் குடியானவரை நெருக்க, நிலப் பத்திரங்கள் கைமாறின. 1930-இல் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் வசம் 6 சதவீத நிலம். 1938-இல் 25 சதவீதம், 25 லட்சம் ஏக்கரை ஒட்டி. அதில் பெரும்பகுதி யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. பணம் வராததால் வந்த நிலம்.

டெல்டாக்காரன்

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் இருந்தவர்களின் பேரன்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அந்த வீட்டில் நிலம் போனது போனதுதான். 1930 டிசம்பரில் தாராவடியில் சாயா சான் தலைமையில் குடியானவர் கலகம் வெடித்ததற்கு வெறும் மந்திரம் தந்திரம் காரணமில்லை. எங்கள் முன்னோர் அந்தச் செட்டியார் நிலத்தில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) பயிர் செய்த தமிழ்க் குடியானவர்கள். கங்காணி கூட்டி வந்து, கடனோடு கப்பலேறியவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள்.

பழைய_ரங்கூன்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அந்த வலி எங்கள் குடும்பத்திலும் பேசப்பட்டதுதான். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1948-லும் 1953-லும் வந்த நில தேசியமயச் சட்டங்களால் நிலம் அரசாங்கத்துடையது ஆனது. குடியானவருக்கு உழும் உரிமை மட்டும். நிலத்தை அடகு வைக்க முடியாது என்றால் நிலம் பறிபோகாது என்பது நல்ல நோக்கம். ஆனால் அடகு இல்லாத இடத்தில் குறைந்த வட்டிக்குக் கொடுக்க எவன் வருவான்? பயிரை நம்பிக் கொடுப்பவன்தான் வருவான், அவன் வட்டி மாதம் அஞ்சாகத்தான் இருக்கும். 2012 விவசாய நிலச் சட்டத்தில் ஏழாம் எண் படிவம் என்ற நிலப் பயன்பாட்டுச் சான்று கொடுத்து, விற்கவும் அடகு வைக்கவும் திரும்ப வழி விட்டார்கள். அறுபது வருஷம் பூட்டியிருந்த கதவு அது.

தட்டோன்_ரப்பர்

நான் மோன் மாநிலத்து ரப்பர்க்காரன். டீச்சர் வளர்ச்சி மாதிரியையும் சொன்னதால் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராஸ்டோவைப் பற்றி ஒன்று. 1960-இல் அவர் ஐந்து படி போட்டார்: பழைய சமுதாயம், கிளம்புவதற்கான ஏற்பாடு, கிளம்புதல், முதிர்ச்சி, பெருநுகர்வு. 1930-இல் ரங்கூனில் ரயில், துறைமுகம், ஆலை, வங்கி, ஏற்றுமதி எல்லாம் இருந்தன. அவர் சொன்ன ஏற்பாடு எல்லாம் தயார். விமானம் கிளம்பவில்லை. நெல் விற்ற லாபம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் செட்டிநாட்டுக்கும் போயிற்று. இங்கே இன்னொரு தொழிலாக முளைக்கவில்லை. எந்தப் படியில் இருக்கிறோம் என்று கேட்பதை விட, மிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ரப்பரிலும் டெல்டாக்காரன் சொன்ன கதைதான். கன்று வைத்தால் பால் வெட்ட ஆறேழு வருஷம். அதுவரை காத்திருக்கக் காசு உள்ளவன்தான் ரப்பர் போடுவான். என் தோட்டத்துக்கும் அடுத்த மேட்டு நிலத்துக்கும் மண் ஒன்று, மழை ஒன்று, சாலை ஒன்று. அங்கே இன்றைக்கும் முந்திரியும் புதரும்.

மோல்மேன்_டீச்சர்

ரப்பர் அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே கோட்பாடாக எழுதியவர் நம் நாட்டுக்காரரே. பாசினில் பிறந்த ஹ்லா மிண்ட், பின்னாளில் ரங்கூன் பல்கலைக்கழக ரெக்டராக இருந்தவர். 1958-இல் எழுதிய கட்டுரையில் ஆதாம் ஸ்மித்திடமிருந்து ஒரு கருத்தை எடுத்தார்: சும்மா கிடக்கும் நிலமும் முழுதாக வேலையில்லாத கைகளும் இருக்கும் நாட்டில், வெளிச் சந்தை திறந்ததும் உபரி வெளியே ஓட வழி கிடைக்கிறது. புதுத் தொழில்நுட்பம் வேண்டாம், காட்டை வெட்டினால் போதும். டெல்டாவில் நடந்தது அச்சு அசலாக இதுதான். நிலப்பரப்பு பல மடங்கு கூடியது, ஏக்கருக்கு விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை. காடு தீர்ந்ததும் வளர்ச்சியும் தீர்ந்தது. மிஞ்சியது கடனும் வாரமும்.

நம் பாடப்புத்தகங்களில் ராஸ்டோ இருக்கிறார், உலக அமைப்புக் கோட்பாடு எழுதிய வாலர்ஸ்டைன் இருக்கிறார், ஹ்லா மிண்ட் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. இன்னொருவர் ஃபர்னிவால். ஆங்கிலேய அதிகாரியாக வந்து இந்த மண்ணைப் படித்தவர். பல இனத்தவர் ஒரே ஊரில் இருந்தும் சந்தையில் மட்டுமே சந்திக்கிற சமூகம் என்று அவர் எழுதியது ரங்கூனையும் பார்த்துத்தான். டெல்டா வேளாண்மையை ஓர் ஆலையைப் போலவே பார்த்தார்: உழ ஒரு கூட்டம், நட ஒரு கூட்டம், அறுக்க வேறொரு கூட்டம், யாருக்கும் அந்த நிலத்தோடு ஒட்டில்லை.

பொருளாதார அறிஞர் போசரப்பையும் இங்கே சேர்க்கலாம். ஜனத்தொகை கூடினால் தரிசுக் காலம் சுருங்கும், உழைப்பு கூடும், விளைச்சல் கூடும் என்று 1965-இல் எழுதினார். சின் மலையில் காடு எரித்துப் பயிர் செய்வோரின் தரிசுக் காலம் சுருங்கியதற்கு அது பொருந்தும். டெல்டாவுக்குப் பொருந்தாது, இங்கே ஆள் பெருகி நிலம் நெருங்கவில்லை, சந்தை திறந்து ஆளைக் கப்பலில் வரவழைத்தது.

ஆக என் கருத்து இது. துனென் கணக்கில் மூன்று கழித்தல் போட வேண்டும். சாகுபடிச் செலவு, வண்டிக்கூலி, அவற்றோடு காத்திருக்கும் செலவு. துனென் தானே பண்ணை முதலாளி. அறுவடையைக் களஞ்சியத்தில் போட்டு விலை வரும்வரை இருக்க அவரால் முடிந்திருக்கும். கடன்பட்ட குடியானவருக்கு அது முடியாது.

புவியியல்_தம்பி

டீச்சர், கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. ஏக்கருக்கு 60 கூடை நெல், கூடை 46 ராத்தல். ரங்கூனுக்கு 20 மைலில் உள்ளவருக்குப் படகுக்கூலி கூடைக்கு 200 சாட் (இந்த நாட்டுப் பணம்), 60 மைலில் உள்ளவருக்கு 500. ஏக்கருக்கு 12 ஆயிரமும் 30 ஆயிரமும். வித்தியாசம் 18 ஆயிரம். இரண்டு பேரும் ஏக்கருக்கு 2 லட்சம் கடன் வாங்கி, தூரத்தில் உள்ளவருக்கு வங்கிக் கடன் கிடைத்து, அருகில் உள்ளவர் மாதம் அஞ்சு வட்டிக்கு ஜூன் முதல் டிசம்பர் வரை வைத்திருந்தால், வட்டி மட்டும் 60 ஆயிரம். அருகில் இருப்பவர்தான் நஷ்டப்படுகிறார். தூரத்தை வட்டி விழுங்கிவிடுகிறது.

பயறுக்கடை

தம்பி, கணக்கு சரி. ஆனால் எங்கள் தொழிலில் உள்ளவனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருக்கும் செலவை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். விவசாயி சுமக்காவிட்டால் வியாபாரி சுமக்கிறான். மார்ச்சில் நான் வாங்கிப் போட்ட உளுந்து ஆகஸ்டில் விலை போகாமல் நின்ற வருஷம், என் பக்கத்துக் கடைக்காரர் பலர் தாங்கவில்லை. வட்டிக்கு மேல் கிடங்கு வாடகை, பூச்சி மருந்து, எடைக் குறைவு. சாட்டுக்கும் டாலருக்கும் உள்ள விலை ஒரே வாரத்தில் மாறினால் அதுவும் எங்கள் தலையில். அதையும் படத்தில் போடுங்கள். வியாபாரியை வெறும் சுரண்டல்காரனாக வரைந்தால் பிள்ளைகளுக்குப் பாதிதான் தெரியும்.

தட்டோன்_ரப்பர்

அண்ணே சொல்வது நியாயம். ஆனால் நீங்கள் ஒரு வருஷம் விழுந்தால் அடுத்த வருஷம் எழ வழி உண்டு. ஐந்து ஏக்கர்க்காரன் விழுந்தால் மகனைத் தாய்லாந்துக்கு அனுப்புகிறான். எங்கள் மோன் பக்கத்து ஊர்களில் பால் வெட்ட ஆள் இல்லாததற்குக் காரணம் அதுதான். மாய்சோத் போய் ஆலை வேலை பார்க்கிறார்கள்.

மோல்மேன்_டீச்சர்

இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு அடுத்த வேலை இப்படிக் கொடுக்கப் போகிறேன்: ஒரே படத்தில் மூன்று அடுக்கு. முதல் அடுக்கில் ரங்கூனிலிருந்து தூரம். மீன், கோழி, காய்கறி அதில் வரும். இரண்டாவதில் மாசி மாதத்தில் ஆற்றுத் தண்ணீர் நல்லதா உப்பா என்ற கோடு; கோடை நெல்லும் உளுந்தும் அதில் பிரியும். மூன்றாவதில் ஊர் வாரியாகக் கடன் யாரிடம், எந்த மாதம் திருப்ப வேண்டும். கடைசி அடுக்குக்குப் புத்தகம் கிடையாது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம், ஊரும் மாதமும் போதும். டெல்டாக்காரன் தம்பி, உப்புக் கோட்டை எந்த ஊர் வழியாகப் போடுவது?

டெல்டாக்காரன்

ஒரே கோடாகப் போட வேண்டாம் டீச்சர். வருஷத்துக்கு வருஷம் நகரும். மழை குறைந்த வருஷம் உப்பு மேலே ஏறும், ஆற்றுக்கு ஆறும் வித்தியாசப்படும். மதகு நல்ல நிலையில் உள்ள ஊரில் ஒரு மைல் உள்ளே நல்ல தண்ணீர் நிற்கும், மதகு உடைந்த ஊரில் நிற்காது. அகலமான பட்டையாகப் போட்டு, பட்டைக்குள் இருக்கும் ஊர்களை மட்டும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து ஊர்களின் விவரத்தை நானே கேட்டுத் தருகிறேன். கடன் மாதத்தைக் கேட்கும்போது நெல் கடன் தனி, உளுந்து விதைக் கடன் தனி என்று கேட்கச் சொல்லுங்கள். சேர்த்துக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.